இடது கை பிரேக்

கந்தர்வக்கோட்டை,
தை 8, வியாழக்கிழமை.

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி அன்புமொழியும் மேலுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கும்படி மாரியம்மாளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இந்த ஒரு வாரமாகக் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறேன். சுகம் என்று எழுதியதில் என் இடது முழங்கைக் கட்டையும் மோவாயில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியையும் சேர்க்கவில்லை. பதறாதே, எலும்பு ஒன்றும் முறியவில்லை, எப்படி ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில்தான் சொன்னேன், நீ சிரித்தாய். நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், சொல்ல வந்தது போய்விடும், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எங்கள் தபால் ஆபீசுக்குப் போன வருஷம் போஸ்ட்மாஸ்டராக வந்த இலக்கியா இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். காகிதம் பின்னால் தபாலில் வரும். போட்டோவைப் படி, காகிதத்தை உன் பிரிட்ஜ் கதவில் ஒட்டு. திங்கட்கிழமைக்கு முன்னால் படித்துவிடு, அதுதான் முக்கியம்.

ஊரில் எல்லாம் வழக்கம்போலத்தான். இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை, கண்மாயில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது, முந்திரி பூத்திருக்கிறது, அப்பா தினமும் காலையில் போய்ப் பூவை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து பனி விழுகிறது, கருகிவிடும் என்று புலம்புகிறார், கருகவில்லை. பொங்கலுக்கு ஊரே சைக்கிளாக இருந்தது. முந்தியெல்லாம் அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற சைக்கிளை ஒரே நிறத்தில் ஓட்டிக்கொண்டு வருவார்களே, இப்போது அதை வீட்டில் சாத்திவிட்டு மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி தடித்த டயர் போட்ட சைக்கிளில் வருகிறார்கள். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, செயினுக்கு மூடி கிடையாது. சேற்றில் போனால் முதுகெல்லாம் கோடு விழுகிறது, அதுதான் அழகாம். தபால் பையை நான் எங்கே வைப்பது என்று ஒருவனிடம் கேட்டேன், "பையைத் தோள்ல மாட்டிக்கங்க பெரியம்மா, ஸ்டைலா இருக்கும்" என்றான். கீரமங்கலத்திலிருந்து பூ கொண்டுவருகிற அம்மாள் பேட்டரி சைக்கிள் வாங்கியிருக்கிறாள், மேட்டில் மிதிக்காமலேயே ஏறுகிறது, நானும் ஆசையாகத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு சைக்கிள் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். முப்பது வருஷமாக இந்த ஏழு கிராமத்துக்கும் கடிதம் கொண்டுபோனது என் கால் இல்லை, என் வண்டிதான். இதையெல்லாம் எழுதுவது உன்னைப் பயமுறுத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்றுதான். இனிமேல் தள்ளிப்போட முடியாது.

காணும் பொங்கல் அன்றைக்கு நீ அனுப்பினாயே, உன் பேட்டரி சைக்கிளின் போட்டோ. தை 12, திங்கட்கிழமையிலிருந்து மாப்பிள்ளைக்குக் காலை ஷிப்ட், இனி நான்தான் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும், அதற்குத்தான் இந்தச் சீட் என்று எழுதியிருந்தாய். உன் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஒரு குட்டிச் சீட், அதில் பேத்தி தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறது. அப்பா அதை ஊரெல்லாம் காட்டினார். நான் சைக்கிளைப் பார்த்தேன். என் புத்தி அப்படி, பிள்ளை முகத்தைப் பார்த்த கையோடு வண்டியைத்தான் பார்ப்பேன். செயினுக்குப் பதிலாக ரப்பர் பெல்ட் என்று நீ சொன்னது எங்கே இருக்கிறது, லைட்டுக்கு ஒயர் எங்கே போகிறது என்று விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிரேக்கில் ஒயர் இல்லை, எண்ணெய்க் குழாய் என்றாயே, அந்தக் கறுப்புக் குழாயை இடது கைப் பிடியிலிருந்து பிடித்துக்கொண்டு போனேன். அது பின்னால் போகவில்லை. வளைந்து கீழே இறங்கி முன் சக்கரத்துக்குப் போனது. நான் தப்பாகப் பார்க்கிறேன் என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வலது கைக் குழாய்தான் பின்னால் போகிறது. நம் ஊர் வண்டிக்கு இடது கைதான் பின் பிரேக்.

மறுநாள் காலையில் கந்தர்வக்கோட்டை சைக்கிள் கடை ஜெரால்டு வீட்டுக்கே போய்க் கேட்டேன். "ஆமாக்கா, அங்கிட்டு வண்டியெல்லாம் அப்புடித்தான், எடது கை முன் சக்கரம், வலது கை பின் சக்கரம். போன வருசம் ஒரு டாக்டர் வீட்டுக்கு வெளிநாட்டு வண்டி ஒண்ணு மாட்டிக் குடுத்தேன், மொதல்ல நாமதான் தப்பா மாட்டிட்டோமோன்னு ரெண்டு தரம் பிரிச்சேன்" என்றான். அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கிறான். மார்கழியில் நீ இதே வண்டியில் இரண்டு தடவை விழுந்தாய். பாலத்திலிருந்து இறங்கும்போது சிக்னல் விழுந்தது, பிரேக் பிடித்தேன், பனி, வழுக்கிவிட்டது என்றாய். இரண்டு தடவையும் அதே இடம், அதே மாதிரி. நானும் ஊரில் எல்லோரிடமும் ஜெர்மனியில் பனிக்கட்டி, என் மகள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் நீ அன்றைக்குச் சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது, "முன் சக்கரம் அப்புடியே சறுக்கிக்கிட்டுப் போயிருச்சும்மா" என்றாய். பின் பிரேக் பிடித்தவளுக்கு முன் சக்கரம் ஏன் சறுக்க வேண்டும்? இதை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். உன்னைத் தள்ளிவிட்டது பனி இல்லை ரஞ்சனி. நான்.

ஆறாவது படிக்கும்போது கண்மாய்க் கரையில் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஞாபகம் இருக்கும். உன் வலது கை விரல் நாலையும் சிவப்பு ரிப்பனால் ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டிவிட்டு, இடது கை பிரேக்கை மட்டும்தான் பிடிக்கவேண்டும், வலது பக்கம் விரல் போனால் இன்றைக்குச் சோறு கிடையாது என்று இரண்டு வாரம் உன்னை ஓட்டினேன். நீ அழுதாய், மற்றப் பிள்ளைகளெல்லாம் சிரிக்கிறார்கள் என்றாய். நான் விடவில்லை. அப்புறம் ரிப்பனை அவிழ்த்தபோது உன் வலது கை செத்த கை மாதிரி பிரேக்குப் பக்கமே போகவில்லை, எனக்கு அவ்வளவு பெருமை. ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உன் சித்தி ஹேமாவின் மோவாயில் ஒரு தழும்பு இருக்கிறதே, ஊஞ்சலிலிருந்து விழுந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறோம். ஊஞ்சல் இல்லை. தொண்ணூற்றி இரண்டில், அறிவொளி இயக்கம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஊர்ப் பெண்களெல்லாம் சைக்கிள் கற்றோமே, அப்போது எனக்குப் பதினேழு வயது. வாடகை சைக்கிள் எடுத்து, கற்றுக்கொண்ட மூன்றாம் வாரமே பின்னால் தண்ணீர்க் குடமும் முன் பாரில் அஞ்சு வயசு ஹேமாவுமாகக் கரையிலிருந்து இறங்கினேன். எதிரே மாடு. வலது கையைப் பிடித்தேன், அது முன் பிரேக். பின் சக்கரம் எழும்பியது, ஹேமா எனக்கு முன்னால் பறந்துபோய்க் கல்லில் விழுந்தாள், அவள் மேல் நான், எங்கள் மேல் குடம். மூன்று நாள் அவளுக்கு வாய் திறக்க முடியவில்லை. அவள் சத்தம் போட்டு அழுதிருந்தால்கூடத் தேவலை, ரத்தத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், எனக்குப் பிறக்கிற பிள்ளை அந்த வலது கையைத் தொடவே கூடாது என்று. நம் ஊர் வண்டிக்கு அது சரிதான். நீ வேறு ஊர் போவாய், அந்த ஊர் வண்டியில் கை மாறியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

இதை ஞாயிற்றுக்கிழமையே போனில் சொன்னேன், பாதி சொன்னேன். நீ "அதெல்லாம் தெரியும்மா, கடையிலயே சொன்னாங்க, ஞாபகம் வச்சுக்கிறேன்" என்று சிரித்தாய். நியாயம்தான், படித்த பிள்ளை, தெரிந்தால் மாற்றிக்கொள்ளமாட்டாளா என்று நானும் போனை வைத்தேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. தெரிந்தால் போதுமா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமை ஜெரால்டிடம் என் வண்டியின் பிரேக் ஒயர் இரண்டையும் மாற்றி மாட்டச் சொன்னேன். "வேண்டாத வேலைக்கா இது, விழுந்து கிழுந்து வச்சா அண்ணன் என்னயத்தான் வெட்டுவாரு" என்றான். கால் மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தான். நான் வாயால் சொல்லிக்கொண்டே ஏறினேன், இடது முன், வலது பின், இடது முன், வலது பின் என்று. சந்நிதித் தெருவைத் தாண்டினேன், முந்திரிக்காட்டுப் பாதையில் போனேன், மூன்று கிராமம் கடிதம் கொடுத்தேன், ஒவ்வொரு தடவையும் யோசித்து வலது கையால் பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. பரவாயில்லையே, மகள் சொன்னது சரிதான் என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் இறங்குகிறேன், குறுக்கே ஒரு ஆட்டுக்குட்டி. இடது கை மூடிவிட்டது. நான் மூடவில்லை, அதுவாக மூடியது. வாய் அந்த நேரத்திலும் வலது பின் என்று சொல்லிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். வண்டி குப்புறக் கவிழ்ந்து நான் மோவாய் தரையில் படக் கிடந்தேன், தபால் எல்லாம் கரையில் சிதறிக் கிடந்தது, குட்டி நின்று பார்த்துவிட்டுப் போனது. என் வண்டி பழைய ரப்பர் கட்டை பிரேக், அதற்கே இந்தக் கதி. உன்னுடையது எண்ணெய் பிரேக், ஒரு விரல் பட்டாலே நிற்கும் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். தரையில் கிடந்தபோது எனக்கு வலி தெரியவில்லை. என் முன்னால் சீட் இல்லை, அதில் பிள்ளை இல்லை என்பதுதான் மனசில் ஓடியது. உட்கார்ந்து அழுதேன். வயல் வேலைக்கு வந்த பெண்கள் அடி பலம் என்று நினைத்துத் தூக்கிவிட்டார்கள்.

அப்பா வந்து ஒரு பாட்டம் கத்தினார், "அம்பது வயசுல சர்க்கஸ் காட்டப் போனியாக்கும்" என்று. நான் அவரிடம் முழுசையும் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம். அன்றைக்கிலிருந்து அவர் சாப்பாட்டைப் பிசைந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று பார்க்கிறேன், வாசலில் மொபெட்டை நிறுத்தி இரண்டு பிரேக்கையும் மாறி மாறிப் பிடித்து எந்தச் சக்கரம் நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், இருபது வருஷமாக ஓட்டுகிற வண்டி. என்னைக் கண்டதும் காற்று குறைந்திருக்கிறது என்றார். உன் போன் வந்தால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம், யார் எடுப்பது என்று. எனக்குப் பயமாக இருக்கிறது ரஞ்சனி. மழுப்பாமல் சொல்கிறேன், நீ வெளிநாடு போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. இந்த ஊரில் நான் கற்றுக்கொடுத்த பெண்கள் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள், அதில் ஒருத்தி கனடாவில் இருக்கிறாள், அவள் அம்மாவிடமும் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவர்களுக்கெல்லாம் நான் ரிப்பன் கட்டவில்லை. உன் ஒருத்திக்குத்தான் கட்டினேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேள். திங்கட்கிழமை பேத்தியை ட்ராமில் கூட்டிக்கொண்டு போ. குளிர், கூட்டம், அரை மணி நேரம் முன்னால் எழுப்ப வேண்டும், அழும், எல்லாம் தெரியும், அழட்டும். பிறகு கடைக்குப் போய் இரண்டு எண்ணெய்க் குழாயையும் மாற்றி மாட்டித் தரச் சொல், இடது கைக்குப் பின் சக்கரம். மாட்டலாம், எண்ணெயைக் கொஞ்சம் வடித்து மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும், தெரிந்தவன்தான் செய்ய வேண்டும் என்று ஜெரால்டு சொல்கிறான். உன் ஊர்க் கடைக்காரன் எதற்கு இந்த வேலை, இங்கே எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்பான். அவனுக்கு உன் அம்மாவைத் தெரியாது. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் அவன் பாஷையில் எழுதிக் காட்டு. மாப்பிள்ளையும் அதே வண்டியை எடுத்தால் அவரிடமும் சொல், அவரும் திருச்சியில் ஓட்டிப் பழகிய கைதான். மாற்றவே முடியாது என்று கடையில் சொல்லிவிட்டால் அந்த முன் சீட்டைக் கழற்றி வை. நீ மட்டும் ஓட்டு, பாலத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போ, கை பழகும்வரை பிள்ளை அதில் ஏறக் கூடாது. துப்பட்டாவோ கழுத்துத் துணியோ சக்கரப் பக்கம் தொங்கவிடாதே என்று எப்போதும் சொல்வேனே, அதையும் சேர்த்துக்கொள், ஆனால் இன்றைக்கு அது இரண்டாவது.

கை பழக எத்தனை நாள் ஆகும் என்று கேட்பாய். அது எனக்கும் தெரியவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜெரால்டு ஒயரைத் திருப்பி மாட்டித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். கடிதத்தை நடந்து கொடுக்கிறேன், வண்டியை உருட்டிக்கொண்டு போகிறேன். சாயங்காலம் தபால் ஆபீஸ் பின்னால் சமதரையில் அரை மணி நேரம், நடக்கிற வேகத்தில். இந்தத் தடவை இடது கை விரல்களுக்கு ரிப்பன், இலக்கியாவிடம் பச்சைதான் இருந்தது. கடைசியில் ரிப்பனை அவிழ்த்துவிட்டு ஓட்டுவேன், இலக்கியா ஓரத்தில் நின்று நினைத்தபோது "ஆடு" என்று கத்துவாள், எந்தக் கை முதலில் மூடுகிறது என்று அவள்தான் எண்ணுகிறாள். செவ்வாய்க்கிழமை இருபது தடவையில் பதினாறு தடவை இடது கை. நேற்று பதினாலு. இருபதுக்கு இருபதும் வலது கை முந்துகிற அன்றைக்கு உனக்குச் சொல்கிறேன். என் கை ஐம்பது வயதுக் கை, உன்னுடையது சீக்கிரம் பழகலாம். என்றாலும் என் கணக்கு முடிகிறவரை பொறு.

அன்புமொழிக்கு ஆயுசு நூறு. நீயும் மாப்பிள்ளையும் நிறைந்த வாழ்வு வாழ வேண்டும், எல்லா மாரியம்மாளும் கூடவே வந்து நிற்கட்டும், பாலத்துப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக நிற்கட்டும். பேத்திக்கு என் முத்தம். திங்கட்கிழமை ட்ராம். மறந்துவிடாதே, ட்ராம். படித்ததும் "சரி" என்று ஒரு வார்த்தை அனுப்பு, "சரிம்மா தெரியும்" என்று அனுப்பாதே.

ஆசீர்வாதத்துடன்,
உனக்கு ரிப்பன் கட்டிய அம்மா,
வெ. செல்வராணி.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை மடிக்கும்போது இலக்கியா வேண்டுமென்றே பின்னால் வந்து "ஆடு" என்று கத்தினாள். சைக்கிள் வெளியே நிற்கிறது, நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வலது கையில் பேனா அப்படியே இருந்தது. வெறும் கையாக மேஜைமேல் கிடந்த இடது கைதான் மூடியது.